டிரசர் வீட்டுக் கொடிமரம்

ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலால் ஒரு மஞ்சள் கயிற்றை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரியரத்தினத்துக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தார். மணிக்கட்டில் ஈரக்கயிறு நசநசத்தது. வெளுத்து வந்த சட்டையின் கையில் மஞ்சள் கறை பிடித்துவிடுமே என்று யோசித்தார். கத்தரிக்கோலை எடுத்தார், அறுத்தார், அறை மூலையில் எறிந்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வீட்டு முற்றத்தில் அவருடைய அறுபதடி மரம் முதல் நாள்தான் எழும்பி நின்றது. அந்தச் சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. பாடாங் மேஹாவைத் தாண்டிச் செம்மண் பாதையில் நாலு மைல் போனால் ஓர் ஆறு வரும். ஆற்றின் மேல் இரும்புப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். வெள்ளைக்காரத் துரை அந்தத் தோட்டத்துக்கு வாயில் நுழையாத ஒரு சீமைப் பெயர் வைத்திருந்தார். வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த கூலிச் சனங்கள் அதைப் பாலத்துத் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். அங்கே பன்னிரண்டு கட்டில் போட்ட ஆஸ்பத்திரிக்கு அரியரத்தினம் டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பிரசவம் சிக்கலானால் மருத்துவச்சியோடு போய் நிற்பதும் அவர்தான். மூன்று கோடு விபூதி இல்லாமல் வெளியே வரமாட்டார். ஆனால் லயத்துச் சனங்களின் படையலையும் சாமியாட்டத்தையும் கண்டால் உதட்டுக்குள் சிரித்துக்கொள்வார். கெட்ட மனுஷன் இல்லை. நாலு எழுத்துப் படித்துவிட்டோம் என்ற நினைப்புக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே பைத்தியம் வானொலி. தம்பி சின்னத்துரை கொழும்பில் தந்தி வேலையில் இருந்தான். அரசாங்க அனுமதி வாங்கி, வீட்டிலேயே செய்தி அனுப்பும் பெட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தான். அப்பா தந்தி மாஸ்டராக இருந்தவர் என்பதால் அண்ணன் தம்பி இருவருக்கும் தந்திக் குறி தாய்மொழி மாதிரி. அரியரத்தினம் கேட்கும் பெட்டி ஒன்றை மட்டும் தட்டிக்கொட்டிச் செய்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடலுக்கு அப்பாலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. தம்பி தட்டிக்கொண்டிருந்தது இவர் பெயரை. ஏழு வருஷமாகத் தம்பி முகத்தைப் பார்க்காதவர். கேட்க முடிந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் அழுததை அவர் மனைவி பூரணம் மட்டும் பார்த்தாள்.

பதில் சொல்ல வேண்டுமானால் இன்னொரு பெட்டி வேண்டும், ஏரியல் கம்பியைத் தூக்கிக் கட்ட உயரமான மரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அனுமதி வேண்டும். பெட்டியை இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்து முடித்தார். முற்றத்து மேற்கு ஓரம் ஒரு பலகைக் கொட்டில் போட்டு அதற்குள் வைத்தார். அனுமதி கொடுக்கும் அதிகாரி பினாங்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் நேரில் பார்ப்பதாகத் தேதி கொடுத்துக் கடிதம் வந்தது. அன்றைக்கு மரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும்.

காட்டில் நெட்டையாக வளரும் நிபோங் மரங்கள் இரண்டை வெட்டி, இரும்புப் பட்டை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டினார். அதைத் தூக்கி நிறுத்துவதுதான் பெரிய பாடு. அவ்வளவு உயர மரத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் லயத்து ஆட்கள்தான். வருஷா வருஷம் அம்மன் கோயிலில் கொடிமரம் நட்டுப் பழகிய கைகள். கங்காணி முனியாண்டிதான் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும். அவர் பன்னிரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார், ஆனால் ஒரு பிடிவாதம் பிடித்தார். மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டாமல் ஒருத்தனையும் இப்படிப்பட்ட மரத்தின் கீழே நிறுத்தமாட்டேன், விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார்.

அரியரத்தினம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மரம் எழும்பினால் சரி. குழிக்குள் நவதானியம் போடட்டும், தேங்காய் உடைக்கட்டும். மரத்தின் நுனியில் கட்ட மஞ்சள் துணி கேட்டபோது வீட்டிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க உதவும் என்று தமக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். முதலில் கட்டும் தலைக்காப்பு உங்களுக்குத்தான் என்று முனியாண்டி சொன்னபோது சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ஊரில், யாழ்ப்பாணத்தில், கோயிலில் கொடியேறினால் காப்புக் கட்டிக்கொள்வது குருக்கள். சனம் பாட்டுக்குக் காலையில் வரும், மாலையில் போகும், அடுத்த ஊரில் கலியாணம் என்றால் அதற்கும் போகும். அவருக்குத் தெரிந்த கொடியேற்றம் அதுதான். இங்கே வேறு மாதிரி என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் முனியாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். எப்போது இறக்குவது என்று பணிவாகக் கேட்டார். "இறக்கிறதோ?" என்றார் அரியரத்தினம். "ஏன் இறக்க வேணும்? இனி அது நிக்கும். நான் இருக்கிற காலம் மட்டும் நிக்கும்." பெருமையாகத்தான் சொன்னார். முனியாண்டியின் முகம் செத்துப் போனது. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். தன் மரத்தின் பலத்தைக் கேட்டுத்தான் கங்காணி வாயடைத்துப் போனார் என்று டிரசர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மீன் சமைப்பது நின்றது. கத்தரிக்காய், கீரை, பருப்பு, மறுபடி கத்தரிக்காய். என்னடி இது என்று இரண்டு தடவை கேட்டார். சந்தையில் நல்ல மீன் இல்லையாம் என்றாள் பூரணம். ஞாயிற்றுக்கிழமை செர்டாங்கில் அவளுடைய தங்கை பாலாம்பிகை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். பூரணம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகவே பாலம் தாண்டிப் போனார். போகும்போது லயத்து வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள். மரியாதை கூடிவிட்டது என்று எண்ணி அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, மரம் நட்டுப் பன்னிரண்டாம் நாள். திங்கட்கிழமை அதிகாரி வருகிறார். மத்தியானம் செர்டாங் கடைக்காரர் யஹ்யா லோரியோடு வந்து டிரசர் வீட்டு முன்னால் நிறுத்தினார். லோரி நிறைய அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர், "என்னா டிரசர் அண்ணே, ஒங்க ஆளுங்களுக்கு என்னா ஆச்சு லா?" என்றார். "போன சனிக்கிழம ஒரு ஆள் பாசார் பக்கம் வரல. பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்கிறாங்க. அதான் கடையவே தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

மழைக்காலம், சோம்பல் என்று அரியரத்தினம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். மனம் முழுவதும் திங்கட்கிழமையில் இருந்தது. அப்போதுதான் பக்கிரிசாமி ஓடி வந்தான். மரம் நட்ட பன்னிரண்டு பேரில் ஒருவன், முன்கயிறு பிடித்தவன். அவன் மனைவி இராசாத்திக்கு விடிகாலையில் எடுத்த வலி இன்னும் அடங்கவில்லை, மருத்துவச்சி ஐயாவைக் கூப்பிடுகிறாள் என்றான்.

அரியரத்தினம் போய்ப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடந்தது. தோள் முன்னால் இறங்கி இறுகியிருந்தது. கையால் திருப்பிப் பார்த்தார், திரும்பவில்லை. இராசாத்தியின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கூலிம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கத்தி வைத்தால் இரண்டு உயிர், இங்கேயே வைத்திருந்தால் இருட்டுவதற்குள் இரண்டும் போகும். இது அவருக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. துரையின் காரும் இல்லை, துரை அதில் பினாங்கு போயிருந்தார். நல்ல வேளையாக யஹ்யாவின் லோரி நிற்கிறது. யஹ்யா மறுபேச்சுப் பேசாமல் மூட்டைகளைக் கீழே தள்ள ஆரம்பித்தார்.

நாலு பேர் இராசாத்தியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். டிரசர் வீட்டு முன்வாசல் வரைக்கும் ஓட்டமாக வந்தவர்கள் அங்கே கட்டிலை இறக்கி வைத்தார்கள். லோரியில் ஏற்றுங்கோ என்றார். ஒருவரும் அசையவில்லை. லயமே திரண்டு பின்னால் வந்து நின்றது. மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது, காற்று கிளம்பிவிட்டது.

முனியாண்டி முன்னால் வந்தார். "கொடி பறக்குதுங்கய்யா," என்றார். "எறக்காம எப்புடிங்க பாலம் தாண்டுறது?"

அரியரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். மரத்தின் உச்சியில் அந்த மஞ்சள் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இது கொடிமரம் இல்லை, ஏரியல், தம்பியோடு பேச நட்ட மரம் என்று கத்தினார். முனியாண்டி குரலை உயர்த்தவில்லை. நவதானியம் போட்டது, தேங்காய் உடைத்தது, துணி கொடுத்தது, காப்புக்குக் கை நீட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் செய்து ஏற்றினால் அது கொடிதான். எதற்காக ஏற்றினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அது உங்கள் நேர்த்தி. கொடி இறங்கும்வரை காப்புக் கட்டிய ஊர் எல்லை தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். எப்போது இறக்குவது என்று கேட்டேன், நீங்கள் இருக்கிற காலம் வரைக்கும் நிற்கும் என்றீர்கள். அவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீங்க போன ஞாயித்துக்கெழம பாலம் தாண்டுனீங்க, நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்," என்றார்.

பன்னிரண்டு நாளும் ஒரே வீச்சில் வந்து அரியரத்தினத்தின் நெஞ்சில் மோதின. சந்தைக்குப் போகாத சனம். எழுந்து நின்று பார்த்த வாசல்கள். இருநூறு பேரைத் தோட்டத்துக்குள் அடைத்து வைத்துவிட்டு அவர் காற்றுத் திசை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தம் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது. ஆனால் வெறுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. கட்டில் ஓரத்தில் குனிந்து இராசாத்தியிடமே கேட்டார். அவள் சம்மதித்தால் ஆட்கள் தூக்குவார்கள், பழியெல்லாம் தம் தலையில் என்றார்.

இராசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வலி போகும்வரை காத்திருந்தாள். "போன தடவ ஒன்னு தங்காமப் போச்சுங்கய்யா," என்றாள். "இதயும் ஆத்தா எடுத்துக்கிட்டா நா யாருகிட்ட போயி கேப்பேன்? எறக்குங்க. எறக்குனா வாறேன்."

சரி, இப்போதே இறக்குவோம் என்று அரியரத்தினம் எழுந்தார். பக்கிரிசாமி வேட்டியை இறுக்கிக் கட்டினான், மரத்தில் ஏறித் துணியை அவிழ்க்கிறேன் என்றான். முனியாண்டி கையைக் காட்டித் தடுத்தார். தலைக்காப்புக் கட்டியவர் முதலில் கை வைக்க வேண்டும், பிறகுதான் மற்றவர். "கைய காட்டுங்கய்யா, மஞ்சத்தண்ணி ஊத்துறேன்," என்றார்.

சட்டைக் கையின் பித்தான் பூட்டியிருந்தது. அரியரத்தினம் அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பொறுங்கள், வந்துவிடுகிறேன் என்று முனகிவிட்டு வீட்டுக்குள் ஓடினார். அவர் போட்ட திட்டம் இதுதான்: சமையலறையில் மஞ்சள் இருக்கிறது, தையல் பெட்டியில் நூல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் இரண்டு நிமிஷத்தில் ஒரு காப்பு. யாருக்குத் தெரியப் போகிறது? ஓர் உயிருக்காகச் சொல்லும் பொய் பொய்யாகுமா? இப்படித் தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டு மஞ்சள் டப்பாவைத் தேடினார். அவசரத்தில் இரண்டு டப்பாக்களைக் கீழே தள்ளினார்.

பூரணம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன தேடுகிறார் என்று அவள் கேட்கவில்லை. சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அங்கே அந்த மஞ்சள் கயிறு இருந்தது. அறுந்த இடத்தில் இன்னொரு நூல் சேர்த்து முடிந்திருந்தது.

"நீங்கள் அறுத்து எறிஞ்ச அண்டைக்கே எடுத்துக் கட்டினனான்," என்றாள்.

அவர் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றார். மீன் இல்லாத பன்னிரண்டு நாள், பாலாம்பிகை வீட்டுக்குப் போகாத தலைவலி எல்லாம் விளங்கியது. நீயுமா இதை நம்புகிறாய் என்று கேட்டார். "எனக்குத் தெரியேல்லை," என்றாள் பூரணம். "பன்னிரண்டு பேர் உங்களை நம்பிக் கட்டிக்கொண்டு நிக்கினம். இந்த வீட்டிலை ஒரு ஆளாவது வைச்சிருக்க வேணும் எண்டு நினைச்சன். சொன்னால் நீங்கள் சிரிப்பியள்." அதிகாரி வந்து போனதும் இறக்கச் சொல்லலாம் என்று தான் பேசாமல் இருந்ததும் பிழைதான் என்றாள்.

வெளியே இராசாத்தி அலறுவது கேட்டது. அரியரத்தினம் டப்பாவை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். எல்லோர் முன்னாலும் பித்தானை அவிழ்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். "நான் அறுத்துப் போட்டன்," என்றார். "அடுத்த நாளே அறுத்துப் போட்டன்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பக்கிரிசாமி கையில் கட்டை கொத்தும் பாராங் கத்தி இருந்தது. அவன் கத்தியைக் கீழே போடாமல் இரண்டு அடி முன்னால் வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. தன் மனைவி படும் பாட்டுக்குக் காரணம் இப்போது அவன் எதிரே வெறுங்கையோடு நிற்கிறது. யஹ்யா லோரியிலிருந்து குதித்து, "டேய், டேய்," என்று ஓடி வந்தார். அரியரத்தினம் நகரவில்லை. வெட்டினால் வெட்டட்டும் என்றுதான் அந்தக் கணத்தில் அவருக்கு இருந்தது.

பூரணம் இருவருக்கும் நடுவே வந்து நின்று கையை நீட்டினாள். சேர்த்து முடிந்த கயிறு எல்லோருக்கும் தெரிந்தது. முனியாண்டி குனிந்து, கண்ணைச் சுருக்கி, முடிச்சைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு நாளும் விடவில்லை, மச்சம் தொடவில்லை, பாலம் தாண்டவில்லை என்றாள். முனியாண்டி அதிக நேரம் யோசிக்கவில்லை. செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அவள் கையில் ஊற்றினார். "அம்மா கை வைக்கட்டும்," என்றார். பக்கிரிசாமி மரத்தை நோக்கித் திரும்பினான்.

அப்போது மலைப்பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. எண்ணிப் பத்துக்குள் இடி வந்தது. அறுபதடி மரம், உச்சியில் கம்பி, சுற்றிலும் அதைவிட உயரமானது எதுவும் இல்லை. இடி எங்கே இறங்கும் என்று அங்கே நின்றவர்களில் அரியரத்தினத்துக்குத்தான் தெரியும். ஏறப் போனவனின் தோளைப் பிடித்து இழுத்தார். அவளைப் பிழைக்க வைக்க உன்னைக் கொல்ல முடியாது, வெட்டிச் சாய்ப்போம் என்றார்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? கிழக்கே லயமும் கோயிலும். தெற்கே இராசாத்தி கிடந்த கட்டிலும் லோரியும். வடக்கே வீடு. மேற்கே அவருடைய பலகைக் கொட்டில் மட்டும். பெட்டி அதற்குள் பூட்டியிருக்கிறது, மேசையோடு மரையாணி போட்டு முடுக்கியிருக்கிறது, கழற்ற அரை மணி வேண்டும். அவர் கொட்டிலை ஒரு தடவை பார்த்தார். இன்றைக்குச் சனிக்கிழமை, சாயங்காலம் தம்பி தட்டுவான். பிறகு கிழக்குப் பக்கம் மரத்தைப் பிடித்திருந்த இழுகயிறுகள் மூன்றையும் காட்டி, முதலில் நடுக் கயிறு என்றார்.

பூரணம் பாராங்கை வாங்கினாள். "பெட்டி?" என்று கேட்டாள்.

"வெட்டு," என்றார்.

முதல் வெட்டில் கயிறு பாதிதான் அறுந்தது. அவள் அதற்கு முன்னால் தேங்காயைத் தவிர எதையும் வெட்டியதில்லை. இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. கயிறு சாட்டை மாதிரி சுருண்டு போனது. உடனே மற்ற இரண்டையும் ஆட்கள் அறுத்தார்கள். மேற்குப் பக்கம் எட்டுப் பேர் நீளக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டு ஒதுங்கி ஓடினார்கள். மரம் உடனே விழவில்லை. அரியரத்தினம் அதற்கு அவ்வளவு நன்றாகக் கால் வைத்திருந்தார். காற்றில் ஒரு தடவை ஆடியது, இரும்புப் பட்டை கிறீச்சிட்டது, பிறகு நடுவில் வளைந்து, அடி பெயர்ந்து, கம்பிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு கொட்டிலின் மேல் போய் விழுந்தது. தகரக் கூரை உள்ளே இறங்கியது. கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கும் சத்தம் தனியாகக் கேட்டது. அவற்றில் ஒவ்வொன்றின் சத்தமும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

முனியாண்டி ஓடிப்போய் மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான், கட்டிலை நாலு பேருக்குப் பதில் பத்துப் பேர் தூக்கினார்கள். இராசாத்தியின் பக்கத்தில் மருத்துவச்சியும் பூரணமும் ஏறினார்கள், முன்னால் யஹ்யாவோடு அரியரத்தினம், பின்பலகையில் தொத்திக்கொண்டு பக்கிரிசாமி. மழை கொட்டத் தொடங்கியது. இரும்புப் பாலத்தில் சக்கரம் ஏறியபோது பின்னாலிருந்து இராசாத்தியின் குரல் கேட்டது. ஆத்தா, ஆத்தா என்று அழைத்துக்கொண்டே போனாள். சேற்றில் லோரி இரண்டு தடவை சிக்கியது. இரண்டு தடவையும் பக்கிரிசாமியும் டிரசரும் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

கூலிமில் இராசாத்தியை உள்ளே கொண்டுபோனபோது விளக்கு வைக்கும் நேரம். வெளியே நீண்ட மர வாங்கில் பக்கிரிசாமி ஒரு கோடியில் உட்கார்ந்தான், சேறு வழிய டிரசர் மறு கோடியில். நடுவில் பூரணம். யஹ்யா வாசலில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இந்நேரம் கொழும்பில் சின்னத்துரை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பான் என்று அரியரத்தினம் நினைத்தார். திங்கட்கிழமை வருகிறவருக்குக் காட்ட ஒரு குழியும் ஒரு தகரக் குவியலும் இருக்கிறது. அதை நினைத்தபோது தாம் எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. உள்ளே ஒரு சத்தமும் வராததுதான் வலித்தது.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. டாக்டர் களைத்துப் போயிருந்தார். தாய் பிழைத்துக்கொள்வாள், பையன், முதலில் அழவில்லை, தட்டியதும் அழுதான் என்றார். பிறகு டிரசரைப் பார்த்து, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் நான் உயிரோடு பார்த்திருக்கமாட்டேன் என்றார். பக்கிரிசாமி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான், முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு குலுங்கினான். தலை தூக்காமலே, "மரம் வேணும்னா சொல்லுங்கய்யா, நாங்க வாறோம்," என்றான்.

அரியரத்தினத்தால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்கும் கேட்க மட்டும்தான் முடிந்தது.

பூரணம் இடது கையை அவர் மடியில் வைத்தாள். கொடி இறங்கிவிட்டது, காப்பை அவிழ்க்க வேண்டும், உங்களுக்குக் கட்டியது, நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும் என்றாள். அவர் பழக்கத்தில் மருந்துப் பையைத் திறந்தார். கத்தரிக்கோல் மேலேயே கிடந்தது. அதைப் பார்த்தார், பையை மூடினார். நகத்தால் முடிச்சைத் தேடினார். பன்னிரண்டு நாள் தண்ணீரிலும் வேர்வையிலும் ஊறி இறுகிய முடிச்சு, போதாததற்கு இன்றைய மழை. நகம் வழுக்கியது. குனிந்து பல்லால் இழுத்துப் பார்த்தார்.

முடிச்சு அவிழக் கால் மணி நேரம் ஆயிற்று. பூரணம் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.